பத்து விரல், ஒரு பிளேடு

புல்வெட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த ராக்கெட்டின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்தபடி இடுப்பில் கை வைத்து நின்றாள் அவன் மனைவி.

"சாவியை எடுத்தீங்களா?"

"வண்டி நிக்குதுல்ல. நிக்கிற வண்டிக்கு எதுக்கு சாவியை எடுக்கணும்?"

"வெளிய வாங்க."

கால்கள் வெளியே வந்தன. அவற்றைத் தொடர்ந்து மீதி ராக்கெட்டும் வந்தான்.

ராக்கெட் என்பது விளையாட்டு கிளப்பில் இருக்கிறவர்கள் வைத்த பெயர். அவன் ஓட்டுகிற வண்டி மனுஷன் நடக்கிற வேகத்தில்தான் போகும். வண்டியை விட்டு இறங்கினால்தான் அவனுக்கு வேகம் பிறக்கும். தட்டு வருவதற்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்தவன் மாதிரி கை கழுவப் போய்விடுகிற ரகம். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸ். உள்ளே போன கத்தரி எத்தனை, வெளியே வந்த கத்தரி எத்தனை என்று எண்ணி எண்ணியே பதினொரு வருஷம் வேலை பார்த்தவள். இந்த இரண்டு பேருக்கும் எப்படிக் கல்யாணம் ஆனது என்று கேட்காதீர்கள். ஆகிவிட்டது.

"போன மாசம் எங்க தியேட்டருக்கு ஒருத்தர் வந்தாரு," என்றாள் அவள். "அவரும் வண்டி நின்னுதான் இருந்துச்சுன்னாரு. கையைத் துணியில சுத்திக்கிட்டு சொன்னாரு."

ராக்கெட் சாவியை உருவிக் கொடுத்தான். சாவி அவள் கைப்பைக்குள் போயிற்று. கைப்பை தோளில் ஏறியது. அதோடு விட்டாளா? ஸ்பார்க் பிளக்கின் ஒயரைப் பிடுங்கி ஓரமாகக் கட்டச் சொன்னாள். பிளேடைக் கையால் திருப்பும்போது இன்ஜின் ஒரே ஒரு தடவை உயிர் பெற்றாலும் போதும், விரல் போய்விடும் என்றாள். பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்கச் சொன்னாள். முன்பக்கத்தை ஜாக்கி மட்டும் தாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அவனே ஓடிப் போய் இரண்டு தடிக் கட்டைகளை எடுத்து வந்து முட்டுக் கொடுத்தான். கடைசியாகத் தோல் கையுறை.

"பத்து விரலோட உள்ள போறீங்க. பத்து விரலோட வெளிய வரணும். நான் எண்ணுவேன்."

ராக்கெட்டுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மணி எட்டு ஆகியிருந்தது. மூன்று மணிக்குப் போட்டி.

சாதாரணப் போட்டி என்றால் அவன் இவ்வளவு பதறியிருக்க மாட்டான். நகரத்தில் புதிதாகப் பெரிய விளையாட்டு அரங்கம் கட்டியிருக்கிறார்கள். அதன் திறப்பையொட்டிப் புல்வெட்டு வண்டி ஓட்டுநர்களுக்கு ஒரு போட்டி. ஜெயிப்பவனுக்கு அந்த அரங்கத்திலேயே ஓட்டுநர் வேலை, அதுவும் நிரந்தரமாக. எவன் வெட்டிய புல் சீராக இருக்கிறதோ அவனுக்கே வேலை என்பது ஏழு மைதானத்து ஓட்டுநர்களும் ஒரு வாரமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்த விஷயம்.

ராக்கெட் இந்த கிளப்பில் ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். வருஷக் கடைசியில் ஒரு கடிதம் வரும், இன்னும் ஒரு வருஷம் இருந்துகொள் என்று. அந்தக் கடிதம் வரும்வரை வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள். போன வாரம் அவன் மகள், மூன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடத்துப் படிவத்தைத் தானே நிரப்பினாள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் குண்டு குண்டாக 'தற்காலிகம்' என்று எழுதியிருந்தாள். வீட்டில் அடிக்கடி கேட்ட சொல், அதுதான் தொழில் என்று நினைத்துவிட்டாள் பாவம். மனைவி சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். ஆனால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இந்த ஓட்டம். நேற்று சாயங்காலம் மைதானத்தை வெட்டிப் பார்த்தபோது புல்லின் நுனி அறுபடவில்லை, கிழிபட்டிருந்தது. யாரோ பல்லால் கடித்துத் துப்பியது போல வெளுத்துப் போயிருந்தது. பிளேடு மழுங்கிவிட்டது. எங்கேயோ கல்லில் பட்டு ஓர் ஓரத்தில் பள்ளமும் விழுந்திருந்தது. சின்ன வண்டி, ஒரே பிளேடு. கழற்றி, சாணை பிடித்து, மாட்டினால் முடிந்தது. அரைமணி நேர வேலை என்று மனைவியிடம் சொல்லியிருந்தான்.

போல்ட் அசையவில்லை.

ஸ்பேனரைப் போட்டு இழுத்தான், தொங்கினான், காலால் உதைத்தான். சத்தம் கேட்டு கேட்டிலிருந்து வாட்ச்மேன் வந்தார். உதவி என்று யாரும் கேட்பதற்கு முன்பே உதவுகிற மனுஷர். ஸ்பேனரின் கைப்பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டால் எதுவும் நகரும் என்றார். தான் மேலே நின்று திசை சொல்வதாகவும் ராக்கெட் கீழே படுத்து முறுக்கினால் போதும் என்றும் ஏற்பாடு.

"இடது பக்கமா முறுக்கு," என்றார் வாட்ச்மேன், சீட்டுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து.

ராக்கெட் அவர் சொன்ன இடது பக்கம் முறுக்கினான். கிரீச் என்று கால் சுற்று நகர்ந்தது. இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. இன்னும் நீளமான குழாய் வந்தது. இன்னொரு கால் சுற்று. வாட்ச்மேனும் குனிந்து குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்த இழுப்பில் வண்டியே ஒரு தடவை முனகியது.

மனைவி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டுற போல்ட் வெளியதானே வரணும்?" என்று கேட்டாள். "இது உள்ள போகுதே."

மேலே நிற்கிறவருக்கு இடது என்பது கீழே படுத்திருப்பவனுக்கு எதிர்ப்பக்கம் என்கிற விஷயம் இரண்டு ஆண்பிள்ளைகளின் மண்டையிலும் மெதுவாக ஏறியது. ஒருமணி நேரமாகத் தங்கள் பலம் முழுவதையும் போட்டு அந்தப் போல்ட்டை இறுக்கியிருந்தார்கள். வாட்ச்மேன் கேட்டில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி நழுவினார். கேட்டில் யாரும் இல்லை.

இறுக்கியதைக் கழற்ற இன்னும் ஒருமணி நேரம் ஆயிற்று. எண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, சுத்தியலால் தட்டி, மனைவி சொன்ன திசையில் இழுத்த பிறகு போல்ட் ஒருவழியாக வெளியே வந்தது. மரை பாதி உரிந்து, சுருள் சுருளாக இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. ராக்கெட் அதைத் துணியில் துடைத்து, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லி, பையில் போட்டுக்கொண்டான். வெளியே வந்ததும் அவள் விரல்களை எண்ணினாள். பத்தும் இருந்தன.

பிளேடைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறைக்குப் பறந்தான். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பூட்டியிருந்தது. மாடியில் குடியிருந்த பட்டறைக்காரர் கீழே இறங்கி வந்து, போட்டி விஷயத்தைக் கேட்டதும் உற்சாகமாகிக் கதவைத் திறந்துவிட்டார். அவர் மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, புல்வெட்டு பிளேடை சவரக் கத்தி மாதிரி ஆக்கக் கூடாது, வெண்ணெய் தடவுகிற கத்தி அளவு கூர் இருந்தால் போதும். இரண்டு, ஒரே இடத்தில் சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்து இரும்பு நீலமாகும்வரை சூடாக்கக் கூடாது. மூன்று, இரண்டு முனையிலும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். சுவரில் இருக்கிற ஆணியில் நடு ஓட்டையை மாட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் கனம் என்று தெரிந்துவிடும். சமமாக நிற்காத பிளேடு சுற்றும்போது வண்டியையே உதறிப் போட்டுவிடும்.

கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்துவிட்டு அவர் சாப்பிட மாடிக்குப் போனார். அங்கேதான் தப்பு நடந்தது. சாணைக்கல்லையும் ராக்கெட்டையும் ஓர் அறையில் தனியாக விட்டிருக்கக் கூடாது.

தீப்பொறி பறந்தது. ராக்கெட்டுக்குக் குஷி தாங்கவில்லை. பள்ளம் போயிற்று, துரு போயிற்று, முனை பளபளத்தது. வெண்ணெய்க் கத்தி யாருக்கு வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தான். முன்கை முடியில் வைத்துப் பார்த்தான். முடி உதிர்ந்தது. ஆணியில் மாட்டினான். இடது பக்கம் இறங்கியது.

இடது பக்கத்தைத் தேய்த்தான். மாட்டினான். வலது பக்கம் இறங்கியது.

வலது பக்கத்தைத் துளியூண்டு தேய்த்தான். ராக்கெட்டின் துளியூண்டு எவ்வளவு என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். இடது பக்கம் இறங்கியது. வேர்த்து ஊற்றியது. ஒவ்வொரு தடவையும் இதோ வந்துவிட்டது, இதோ சமமாகப் போகிறது என்று நெஞ்சு படபடத்தது. ஏழாவது தடவை மாட்டியபோது பிளேடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயாமல் அப்படியே நின்றது. ராக்கெட் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். பிளேடு என்று சொல்வதற்கு அதில் அதிகம் மிச்சம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் இறங்கி வந்து பார்த்தார். இதில் புல் வெட்ட முடியாது, வேண்டுமானால் ஆப்பிள் நறுக்கலாம் என்றார். ராக்கெட் அதை மனைவியிடம் சொல்லாமல் மாட்டிவிடத்தான் பார்த்தான். கிளப் கொட்டகைக்குத் திரும்பியதும் அவள் அவன் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எங்க தியேட்டர்ல இதைவிடத் தடியான கத்தி வெச்சிருக்கோம்."

"கூர்மையா இருக்கு பாரு."

"சுத்துற வேகத்துல முறிஞ்சு பறந்துச்சுன்னா யார் வயித்துல போய் நிக்கும்? வேடிக்கை பாக்க வந்து நிப்பாளே நம்ம பொண்ணு, அவ வயித்துலயா?"

ராக்கெட் அதை வாங்கி ஓரமாகப் போட்டான். மணி பன்னிரண்டரை. கடை எதுவும் திறந்திருக்காது. இதே அளவு பிளேடு உபரியாக இருக்கிற இடம் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை நினைத்ததும் ராக்கெட்டுக்கு வயிறு எரிந்தது.

சாலைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கிளப். அதன் புல்வெட்டு ஓட்டுநர் அவனுடைய மச்சினன். மனைவியின் சொந்தத் தம்பி. அவனுக்கு அங்கே நிரந்தர வேலை. அந்த வேலை போதாதா? இந்தப் போட்டியிலும் வந்து நிற்கிறான். அவனுக்கு இது வெறும் பெருமை. அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் 'நிரந்தரம்' என்ற சொல்லை ஏதாவது ஒரு வாக்கியத்தில் நுழைத்துவிடுவான். தலைவலி நிரந்தரமா இருக்கு மாமா என்பான்.

அவர்கள் போனபோது மச்சினனின் பெரிய வண்டி குளித்து மினுமினுத்து நின்றது. அதற்கு இரண்டு பிளேடு. இரண்டையும் கழற்றி, அரம் போட்டு, எண்ணெய் தடவி, கண்ணாடி மாதிரித் தேய்த்து வைத்திருந்தான். ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, மாமாவுக்கு ஒரு பிளேடு குடு," என்றாள் அவள்.

"எடுத்துக்கக்கா. பழைய சின்ன வண்டியோடது ரெண்டு கிடக்கு." சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு ராக்கெட் பக்கம் திரும்பினான். "மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க மாமா. பிளேடு மழுங்கிடும்."

ராக்கெட் பல்லைக் கடித்துக்கொண்டு பிளேடை வாங்கினான். நல்ல பிளேடு. அளவும் சரி, கூரும் சரி, ஆணியில் மாட்டியபோது அசையாமல் நின்றது. கொடுத்த மச்சினனைத் திட்டவும் முடியவில்லை, வாழ்த்தவும் மனசு வரவில்லை. சாலையைக் கடக்கும்போது, ஜெயிச்சதும் முதல் வேலையா இந்தப் பிளேடை அவன்கிட்ட மரியாதையா திருப்பிக் குடுத்துடணும் என்று மனைவியிடம் இரண்டு தடவை சொன்னான். எதற்குச் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும்.

மாட்டுகிற வேலை பதினைந்தே நிமிஷம். கையுறை, கட்டை, ஒயர், சாவி எல்லாம் அவள் சொன்னபடி. அந்தப் பழைய போல்ட் ஏறும்போது கொஞ்சம் வழுக்கியது. பரவாயில்லை என்று இறுக்கினான். வெளியே வந்தான், விரல் எண்ணப்பட்டது, சாவி கிடைத்தது. வாட்ச்மேனும் தைரியம் வந்து திரும்பியிருந்தார். மகளும் வந்து சேர்ந்து, அப்பாவின் போட்டி எண் ஏழைக் காகிதத்தில் எழுதி வண்டியின் முன்னால் ஒட்டினாள். எல்லாரும் எட்ட நிற்க, ராக்கெட் மைதானத்தின் ஓரத்தில் ஒரு நீளம் ஓட்டினான்.

இன்ஜின் முழங்கியது. பிளேடு சுற்றியது. புல் எல்லாம் ஒரே சீராகப் படுத்தது. ஆகா என்று அவன் திரும்பிப் பார்த்தான். படுத்த புல் ஒன்றொன்றாக எழுந்து நின்றுகொண்டிருந்தது.

"குனிஞ்சு கும்பிட்டுட்டு எழுந்திரிக்குதே," என்றார் வாட்ச்மேன்.

ஒரு புல் கூட வெட்டுப்படவில்லை. தலை வாரிவிட்டது போல இருந்தது மைதானம். பெல்ட் தளர்ந்திருக்கும் என்றார் வாட்ச்மேன். இன்ஜினுக்கு வேகம் போதவில்லை என்றான் ராக்கெட். மச்சினன் ஏதோ சதி பண்ணிவிட்டான் என்று சொல்ல வாயெடுத்து, மனைவி பக்கத்தில் நிற்பதைப் பார்த்து விழுங்கினான். மறுபடி சாவி, ஒயர், கட்டை, கையுறை. மறுபடி டார்ச். பிளேடின் இரண்டு முனையிலும் காது மாதிரி வளைந்து நிற்கிற பகுதி மேலே வண்டியைப் பார்த்து இருக்க வேண்டும். அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. தலைகீழாக மாட்டியவன் ராக்கெட்தான்.

மணி இரண்டு. கழற்றித் திருப்பிப் போட்டான். போல்ட்டை ஏற்றினான். அது ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. பிடிமானமே இல்லாமல் சும்மா சுற்றியது. காலையில் இரண்டு பேர் சேர்ந்து இறுக்கிய இறுக்கில் உரிந்த மரை. மனைவி போதும் என்றாள். இன்னும் ஒரே ஒரு முறுக்கு என்றான் அவன். குழாயைச் செருகினான். இழுத்தான்.

டக்.

போல்ட்டின் தலை ஸ்பேனரோடு கையில் வந்தது. உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது. பிளேடு பக்கத்தில் தரையில் விழுந்து இரண்டு தடவை அதிர்ந்து அடங்கியது.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டார்கள். துளை போட்டு எடுக்க வேண்டும், குறைந்தது அரைநாள் ஆகும் என்றார். கம்பி வைத்துக் கட்டலாமா என்று ராக்கெட் கேட்டான். மனைவி பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டான்.

கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அழுகை வந்தது. மகள் பார்க்கிறாளே என்று வெட்கமாகவும் இருந்தது. ஒன்பது வருஷம் ஓட்டிய வண்டி, ஒரு வாரம் விடாமல் கனவு கண்ட வேலை, எல்லாம் ஒரு போல்ட்டில் போயிற்று. அவன் கைகளை மனைவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணுகிறாள் என்று நினைத்தான். எண்ணவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவள் தம்பி ஜெயித்தால் சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் அந்த நிமிஷம் தம்பி மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"நான் போகல," என்றான்.

"போங்க. போய் நில்லுங்க. கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. பிளேடு இல்லாத வண்டியால யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல."

அவன் பதில் சொல்வதற்குள் வெளியே ஹாரன் அடித்தது. கிளப் மேனேஜர் சின்ன லாரியோடு வந்துவிட்டார். பின்னால் இரண்டு வேனில் கிளப் உறுப்பினர்கள், கை தட்டிக்கொண்டு. ராக்கெட் ஓடிப் போய் மேனேஜரிடம் பிளேடு விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தான். மேனேஜர் அவன் தோளைத் தட்டி, தொழில் ரகசியத்தை எல்லாம் ஜெயித்த பிறகு மேடையில் சொல் என்றார். இரண்டாம் தடவை ஆரம்பித்தபோது வண்டி லாரியிலும், மனைவியும் மகளும் ஒரு வேனிலும் ஏறியாயிற்று. மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது அவனே ஏறிவிட்டிருந்தான்.

புது அரங்கத்துக்குப் பக்கத்தில் பெரிய புல்வெளி. இவ்வளவு கூட்டத்தை ராக்கெட் எதிர்பார்க்கவில்லை. புல்லின் மேல் சுண்ணாம்புக் கோடுகள் வளைந்து வளைந்து போயின. வளைவுகளில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஏழு ஓட்டுநர்களும் அதைப் பார்த்து ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். டயரை ஒட்டி வளர்ந்திருக்கிற புல்லை டயரில் கீறல் படாமல் வெட்ட வேண்டும், அதுதான் இங்கே சவால் என்றான் மச்சினன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ராக்கெட்டுக்கு ஆமாம் போடவும் தெம்பில்லை. எதை வைத்து வெட்ட?

போட்டி தொடங்குவதற்கு முன்னால் வண்டிகளைச் சோதிக்க ஓர் அம்மாள் வந்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு நீளக் குச்சி, அதன் நுனியில் கண்ணாடி. வண்டிக்கு அடியில் கண்ணாடியை நீட்டி, டார்ச் அடித்துப் பார்த்து, கையில் இருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் வண்டிக்காரர் தன் பிளேடு புதுசு என்றார். அவள் பெருமூச்சு விட்டாள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஒரு பெருமூச்சு. என்ன கடுமையான அம்மாள் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஆறாவது மச்சினன். அவனே குனிந்து, பார்க்க வசதியாகப் புல்லை விலக்கிக் கொடுத்தான். கண்ணாடியில் அவன் பிளேடுகள் இரண்டும் பளிச்சென்று மின்னின. அம்மாள் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். மச்சினன் அக்கா நிற்கிற பக்கம் திரும்பி ஒரு புன்னகை செய்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏழாவது ராக்கெட்.

கண்ணாடி வண்டிக்கு அடியில் போயிற்று. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. அம்மாள் குச்சியை வைத்துவிட்டு, முட்டி போட்டுத் தன் கண்ணாலேயே பார்த்தாள். மேனேஜர் எட்டி எட்டிப் பார்த்தார். அவள் எழுந்து முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

"பிளேடு எங்கங்க?"

ராக்கெட் மனைவி நிற்கிற பக்கம் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். மகள் இரண்டு கையாலும் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க," என்றான். "காலைலேர்ந்து அதோடதான் மல்லுக்கட்டினேன். கடைசில கழண்டுடுச்சு. இப்ப வண்டில பிளேடே இல்லைங்க."

மேனேஜர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். வேனில் வந்தவர்களில் பாதிப் பேர் கைதட்டுவதற்காகத் தூக்கிய கையை அப்படியே கீழே போட்டார்கள். மச்சினன் சிரித்தான். முதலில் வாயை மூடிக்கொண்டு, அப்புறம் வாய்விட்டு. மற்ற ஐந்து ஓட்டுநர்களும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். புல்வெட்டு வண்டிப் போட்டிக்கு பிளேடு இல்லாமல் வந்தவனை வாழ்நாளில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார் ஒருவர். ராக்கெட் சீட்டைவிட்டு இறங்கி, மகள் ஒட்டிய ஏழாம் எண் காகிதத்தைக் கிழியாமல் உரிக்கப் போனான்.

அம்மாள் அவன் கையைத் தடுத்தாள். சிரிப்பு அடங்குகிற வரை காத்திருந்து, தாளைப் பார்த்து, மற்ற ஆறு பேர் பக்கமும் திரும்பிச் சொன்னாள்.

"இது வண்டி ஓட்டப் பந்தயம்ங்க, பிளேடைக் கழட்டாத வண்டி கோட்டுக்கே வரக் கூடாது. நீங்க ஆறு பேரும் வண்டியை வெளிய எடுத்துடுங்க, இவர் மட்டும் ஓட்டட்டும்."